உதகை தந்த மட்டையாளர்

நுழையும்முன்

ஓங்கி அடிப்பவரைக் கண்டு கூட்டம் ஆர்ப்பரிப்பது எல்லா நாட்டுக்கும் பொதுவான வழக்கம். 1927ஆம் ஆண்டு பேஸ்பால் ஆட்டத்தில் ஒரே பருவத்தில் 60 ஹோம் ரன்களை அடித்த பேப் ரூத், அமெரிக்க மக்களின் நெஞ்சில் நீங்கா இடம்பெற்றார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், 1926 டிசம்பரில், பம்பாய் ஜிம்கானா திடலில் இங்கிலாந்திலிருந்து வந்த எம்.சி.சி. அணியை எதிர்த்து ஆடிய சி.கே. நாயுடு 153 ஓட்டங்கள் குவித்தார். அதில் 11 முறை பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்து ஆறு ஓட்டங்களைத் தந்தது. வலிமையால் புகழ்பெற்ற இத்தகையோரின் வரிசையில் சேராமல், பந்து வரும் வேளையை அறிந்து மட்டையை மெல்ல நீட்டியே அதனை எல்லைக்கு அனுப்பிய ஒருவர், அந்த ஆட்டம் நடந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின் நீலகிரியில் பிறந்தார். அவர்தாம் காலின் கௌட்ரி.

மலையில் தொடங்கிய ஆட்டம்

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் அமைந்த உதகமண்டலம், ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை மாகாணத்தின் கோடைக்காலத் தலைநகராக விளங்கியது. கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்குக் குடியிருப்பை உருவாக்கினார். தோடரும் கோத்தரும் படகரும் குறும்பரும் வாழ்ந்துவந்த அம்மலைநாட்டில் அதன்பின் ஐரோப்பியரின் மாளிகைகளும் தோட்டங்களும் பெருகின. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் தேயிலை மலைச்சரிவுகளைப் பசுமையாய்ப் போர்த்தத் தொடங்கியது. முதுகில் கூடை சுமந்து கொழுந்து பறித்தவர்களுள் பலர் பிழைப்புத் தேடிச் சமவெளியிலிருந்து மலையேறியவர்கள். தோட்டத் துரைகளோ தங்கள் நாட்டு ஆட்டங்களையும் உடன்கொண்டு வந்தனர். இன்று உலகெங்கும் ஆடப்படும் ஸ்னூக்கர் விளையாட்டுக்கு விதிகள் வகுக்கப்பட்டதும் உதகைக் கிளப்பில்தான் என்பது பலரும் அறியாத செய்தி.

அத்தகைய தோட்டக்காரர்களுள் ஒருவர் எர்னஸ்ட் கௌட்ரி. அவருக்குத் தேயிலை தொழில், கிரிக்கெட்டோ உயிர். நாயுடு வாணவேடிக்கை நிகழ்த்திய அதே சுற்றுப்பயணத்தில், எம்.சி.சி. அணி சென்னைக்கு வந்தபோது, ஐரோப்பியர் அணியில் இடம்பெற்று அதனை எதிர்த்து ஆடியவர் அவர். பெருங்களத்தில் புகழ்பெற வேண்டும் என்ற அவருடைய ஆவல் அவ்வளவில் நின்றுபோயிற்று. 1932ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் உதகையில் அவருக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. பிறப்புப் பதிவு மட்டும் பெங்களூரில் நடைபெற்றது. குழந்தைக்கு மைக்கேல் காலின் கௌட்ரி எனப் பெயரிட்டார். அப்பெயரின் முதலெழுத்துகள் எம்.சி.சி. என அமைந்தது தற்செயலன்று. கிரிக்கெட்டின் விதிகளையே வகுத்துவந்த இலண்டன் மேரிலிபோன் கிரிக்கெட் கிளப்பின் சுருக்கப் பெயர் அது. தொட்டிலில் கிடந்த மகனை அக்கிளப்பின் உறுப்பினர் பட்டியலில் சேர்ப்பதற்கும் தந்தை விண்ணப்பித்துவிட்டார். தம்மால் எட்ட இயலாததை மகன் எட்டவேண்டும் என்ற எண்ணம் எல்லாத் தந்தையர்க்கும் உண்டு. எர்னஸ்ட் அதனைப் பெயரிலேயே பொறித்துவைத்தார்.

நடக்கத் தொடங்கியதும் சிறுவன் கையில் மட்டை வந்தது. தந்தை பந்து வீசுவார். வீட்டுப் பணியாளர்கள் ஓடியாடிப் பந்தைப் பிடிப்பர். உடன் ஆட ஒத்த வயதுச் சிறுவர்கள் குறைவு. ஆகவே பெரியவர்களோடே ஆடிப் பழகினான். மட்டையை நேராகப் பிடிக்கவேண்டும், கண் பந்தை விட்டு அகலக்கூடாது, முரட்டுத்தனமாக வீசக்கூடாது என்னும் அடிப்படைகளில் தந்தை விட்டுக்கொடுத்ததே இல்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஓங்கி அடிக்கும் வலிமை ஏது? பந்தின் வேகத்தையே பயன்படுத்தி அதனைத் திருப்பிவிடும் கலை அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

ஏழாண்டுப் பிரிவு

அக்காலத் தோட்டத் துரைகளின் குடும்பங்களில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளைகள் ஐந்தாறு வயதை எட்டியதும் கல்விக்காக அவர்களைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவர். கொழுந்து பறிப்போரின் பிள்ளைகளுக்குப் பள்ளியே எட்டாக்கனி. துரைமாரின் பிள்ளைகளுக்கோ பள்ளி கிடைத்தது, பெற்றோர் கிடைக்கவில்லை. 1938ஆம் ஆண்டு கௌட்ரி தம்பதியர் மகனை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்று, சட்டன் என்னும் ஊரிலிருந்த ஹோம்ஃபீல்டு பள்ளியில் சேர்த்துவிட்டு இந்தியாவுக்குத் திரும்பினர். அடுத்த ஆண்டே இரண்டாம் உலகப்போர் மூண்டது. கடல்வழிகள் ஆபத்து நிறைந்தவையாயின. போர் முடியும்வரை, ஏறத்தாழ ஏழாண்டுகள், அச்சிறுவன் தாய்தந்தையர் முகத்தைக் காணவில்லை. விடுமுறை நாள்களை உறவினர் இல்லங்களில் கழித்தான்.

பிற்காலத்தில் கௌட்ரியிடம் அனைவரும் கண்ட பணிவு, பிறர் மனம் நோகுமோ என்னும் ஓயாத தயக்கம், எவரிடமும் மலர்ந்த முகத்தோடு பேசும் இயல்பு ஆகியவற்றை அந்த ஏழாண்டுகளோடு சேர்த்துப் பார்ப்பதில் தவறில்லை. அயலார் வீடுகளில் வளரும் பிள்ளை, அனைவரும் தன்னை விரும்பும்படி நடந்துகொள்ள விரைவிலேயே கற்றுக்கொள்கிறது.

அப்பள்ளியில் ஏழு வயதில் ஆடிய முதல் ஆட்டத்திலேயே அவன் சதம் அடித்துவிட்டதாக ஆரவாரம் எழுந்தது. கணக்கைச் சரிபார்த்தபோது எடுத்தவை 93 ஓட்டங்களே எனத் தெரியவந்தது. சிறுவனின் ஏமாற்றத்தைக் கண்ட தலைமையாசிரியர், இங்கிலாந்தின் தலைசிறந்த மட்டையாளராகப் போற்றப்பட்ட ஜாக் ஹாப்ஸுக்கு அதனைத் தெரிவித்து மடல் எழுதினார். ஹாப்ஸ் பாராட்டு மடலோடு சிறிய மட்டை ஒன்றையும் அனுப்பிவைத்தார்.

பின்னர் டான்பிரிட்ஜ் பள்ளியில் சேர்ந்த கௌட்ரி, 1946ஆம் ஆண்டு தம் 13ஆம் வயதில் கிளிஃப்டன் பள்ளிக்கு எதிராக இலண்டன் லார்ட்ஸ் திடலில் ஆடினார். அத்திடலில் அவ்வளவு இளம்வயதில் எவரும் ஆடியதில்லை என்று அன்று பேசப்பட்டது. முதலில் 75, அடுத்து 44 என ஓட்டங்கள் எடுத்ததோடு, சுழற்பந்து வீசி எட்டு விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். அவருடைய பள்ளி இரண்டே ஓட்டங்களில் வென்றது. 17 வயதில் கென்ட் மாவட்ட அணியில் இடம். அதன்பின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம். 1954ஆம் ஆண்டு ஆஸ்திரேலியா செல்லும் இங்கிலாந்து அணியில் 21 வயது கௌட்ரியின் பெயரும் இருந்தது.

மெல்போர்னில் ஒரு சதம்

மகனைக் கப்பலேற்றி வழியனுப்பியபோது எர்னஸ்ட் கௌட்ரியின் உடல்நலம் குன்றியிருந்தது. கப்பல் ஆஸ்திரேலியக் கரையை அடைந்த சில நாள்களுக்குள் தந்தை இறந்த செய்தி மகனுக்குக் கிடைத்தது. பெயரின் முதலெழுத்துகளில் தந்தை பொறித்துவைத்த கனவு நனவாகத் தொடங்கிய வேளையில், அதைக் காண அவர் இல்லை. திரும்பிச் செல்வதற்குக் கடல்வழியில் பல வாரங்கள் ஆகும். கௌட்ரி அணியோடு தங்கினார். அதிகம் பேசாதவர் என்று பெயர்பெற்ற அணித்தலைவர் லென் ஹட்டன், அந்நாள்களில் அவருக்குத் துணையாக நின்று தேற்றினார்.

1954 டிசம்பர் 31ஆம் நாள் மெல்போர்னில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது. ஆடுகளம் மட்டையாளருக்குச் சிறிதும் உதவவில்லை. கீத் மில்லரின் பந்துகள் சீறிக்கொண்டு வந்தன. 41 ஓட்டங்களுக்குள் இங்கிலாந்து நான்கு விக்கெட்டுகளை இழந்தது. ஒரு வாரத்திற்கு முன்புதான் 22ஆம் பிறந்தநாளைக் கண்ட இளைஞர் ஒருமுனையில் நின்றார். எதிரே நின்றவர்கள் வந்தவண்ணம் சென்றவண்ணம் இருக்க, அவர் மட்டும் பந்தின் இயல்பறிந்து ஆடி 102 ஓட்டங்கள் எடுத்தார். அணியின் மொத்த ஓட்டங்கள் 191 மட்டுமே. அந்தப் போட்டியை வென்ற இங்கிலாந்து, தொடரையும் 3–1 எனக் கைப்பற்றியது. டெஸ்ட் போட்டிகளில் அவர் அடித்த 22 சதங்களுள் முதலாவது அதுவே. எல்லாவற்றுள்ளும் சிறந்ததும் அதுவே என்போர் பலர்.

கௌட்ரி பருத்த உடலினர். அவ்வுடலைக் கண்டவர்கள் பந்து பறக்கப்போகிறது என்றே எதிர்பார்த்தனர். மட்டை இறங்குவதில் ஓசையோ ஆவேசமோ இராது. பந்து மட்டையின் நடுவில் பட்ட நொடியில் புல்தரையில் வழுக்கி விரையும். களத்தில் நிற்போர் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லைக்கோட்டைத் தொட்டிருக்கும். ஸ்லிப் என்னும் இடத்தில் நின்று பந்துகளைப் பிடிப்பதிலும் அதே அமைதி. டெஸ்ட் போட்டிகளில் அவர் பிடித்தவை 120.

கால்காப்பும் மட்டையும்

1957ஆம் ஆண்டு எட்ஜ்பாஸ்டன் திடலில் மேற்கிந்தியத் தீவுகளுடன் நடந்த டெஸ்ட், அவருடைய திறமையையும் அதன்மீது விழுந்த நிழலையும் ஒருசேரக் காட்டுவது. மேற்கிந்திய அணியின் சுழற்பந்து வீச்சாளர் சோனி ராமதீன், இந்தியாவிலிருந்து டிரினிடாட்டுக்குச் சென்று குடியேறியோரின் வழித்தோன்றல். பந்து எப்பக்கம் திரும்பும் என்பதை அவருடைய கையசைவிலிருந்து கண்டறிவது அரிது. முதல் இன்னிங்ஸில் 49 ஓட்டங்கள் கொடுத்து ஏழு விக்கெட்டுகளைச் சாய்த்தார். இங்கிலாந்து 186 ஓட்டங்களுக்குச் சுருண்டது. எதிரணி 474 ஓட்டங்கள் குவித்தது.

இரண்டாம் இன்னிங்ஸில் அணித்தலைவர் பீட்டர் மேயும் கௌட்ரியும் இணைந்தனர். இருவரும் ராமதீனின் சுழற்சியைக் கண்டறிய முயல்வதை விடுத்து, இடக்காலை நெடுக நீட்டி, கால்காப்பால் பந்தைத் தடுத்தனர். விக்கெட்டின் நேர்க்கோட்டுக்கு வெளியே பந்து காலில் பட்டால் ஆட்டமிழப்புக் கொடுக்க அன்றைய விதியில் இடமில்லை. ராமதீன் நடுவரிடம் முறையிட்டு முறையிட்டுச் சோர்ந்தார். அந்த இன்னிங்ஸில் மட்டும் அவர் வீசியவை 98 ஓவர்கள். மே ஆட்டமிழக்காமல் 285, கௌட்ரி 154. இணைந்து சேர்த்தவை 411 ஓட்டங்கள். தோல்வியின் விளிம்பில் நின்ற அணி, இறுதியில் வெற்றியின் வாயிலை எட்டி ஆட்டத்தைச் சமன் செய்தது. அதற்குப் பின் ராமதீன் பழைய ராமதீனாக இல்லை.

விதிக்கு உட்பட்டது; ஆயினும் அழகுக்கு உட்பட்டதா என்ற வினா அன்றே எழுந்தது. மட்டையால் ஆட முயலாமல் காலால் மட்டும் தடுப்போருக்கு எதிராகப் பிற்காலத்தில் விதி திருத்தப்பட்டது. பந்தைத் தொடுவதில் அவரினும் நயமானவர் இல்லை என்று போற்றப்பட்டவர், தம் புகழ்பெற்ற இன்னிங்ஸ்களுள் ஒன்றை மட்டையினும் கால்காப்பை நம்பியே கட்டினார் என்பதையும் அவருடைய வரலாறு மறைக்க இயலாது.

இரண்டு பந்துகள்

1963ஆம் ஆண்டு ஜூன் மாதம் லார்ட்ஸ் திடலில் மீண்டும் மேற்கிந்திய அணி. வெற்றிக்கு 234 ஓட்டங்கள் தேவை. அதிவேகப் பந்துவீச்சாளர் வெஸ் ஹாலின் பந்து எழும்பிவந்து கௌட்ரியின் இடக்கை எலும்பை முறித்தது. 19 ஓட்டங்களோடு அவர் வெளியேறினார். இறுதி நாளின் இறுதி ஓவர் தொடங்கியபோது எட்டு ஓட்டங்கள் தேவைப்பட்டன. அந்த ஓவரின் நான்காம் பந்தில் ஒன்பதாவது விக்கெட் ரன் அவுட்டில் வீழ்ந்தது. எஞ்சியவை இரண்டு பந்துகள்; தேவை ஆறு ஓட்டங்கள். ஆடுவதற்கு வேறு எவரும் இல்லை.

மாவுக்கட்டு இட்ட இடக்கையோடு கௌட்ரி படியிறங்கிக் களத்திற்குள் நடந்துவந்தார். பந்தைச் சந்திக்க நேர்ந்தால், உடைந்த கை பந்துக்கு மறைவாக இருக்கும்படி இடக்கை ஆட்டக்காரரைப் போலத் திரும்பி நின்று, ஒரு கையால் ஆடுவதென முடிவு செய்து, உடைமாற்றும் அறையில் அதற்குப் பழகிப் பார்த்தும் இருந்தார். அதற்குத் தேவை ஏற்படவில்லை. எதிர்முனையில் நின்ற டேவிட் ஆலன் எஞ்சிய இரு பந்துகளையும் தடுத்தாடினார். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. கௌட்ரி அன்று மீண்டும் களமிறங்கியபின் ஒரு பந்தையும் சந்திக்கவில்லை, ஓர் ஓட்டமும் எடுக்கவில்லை. இருந்தும் 42,000 ஓட்டங்களுக்கு மேல் எடுத்த ஒருவரின் வாழ்வில் மக்கள் மறவாது நினைப்பது அந்த நடையைத்தான்.

அக்காயம் அவருக்கு வேறொன்றையும் இழக்கச் செய்தது. அடுத்த குளிர்காலத்தில் இந்தியா வந்த இங்கிலாந்து அணியோடு தொடக்கத்தில் அவரால் வர இயலவில்லை. பிறந்த மண்ணுக்கு அருகே, 1964 ஜனவரியில் சென்னையில் நடந்த முதல் டெஸ்டில் அவர் இல்லை. அணியினர் பலர் நோயுற்றும் காயமுற்றும் வீழ்ந்தபின் அவசரமாக அழைக்கப்பட்டு வந்துசேர்ந்தார். கல்கத்தாவில் 107, டெல்லியில் 151 என அடுத்தடுத்து இரு சதங்கள் அடித்தார்.

தலைமையும் தயக்கமும்

ஆஸ்திரேலியாவுக்கு ஆறு முறை பயணம் செய்தவர் கௌட்ரி. அவற்றுள் நான்கு முறை துணைத்தலைவர். ஒருமுறையேனும் தலைவராகச் செல்லவில்லை. ஒவ்வொரு முறையும் தேர்வாளர்களின் பார்வை அவர்மேல் தங்கிப் பின் வேறொருவர்பால் நகர்ந்தது. முடிவெடுப்பதில் அவர் தயங்குவார் என்பதே குறை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1968 மார்ச்சில் டிரினிடாட்டின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில், மேற்கிந்திய அணித்தலைவர் சோபர்ஸ் துணிந்து ஆட்டத்தை முடித்துக்கொண்டு, 165 நிமிடங்களில் 215 ஓட்டங்கள் என்ற இலக்கை விடுத்தார். துரத்துவதா, தடுத்தாடுவதா எனக் கௌட்ரி தயங்கினார். உடன் ஆடியோர் வற்புறுத்தியே அவரைத் துரத்தச் செய்தனர். களமிறங்கியபின்போ அவரே 71 ஓட்டங்களை விரைந்து எடுத்தார். மூன்று பந்துகள் எஞ்சியிருக்க இங்கிலாந்து வென்று தொடரையும் கைப்பற்றியது. தயக்கம் அவர் மனத்தில் இருந்தது, மட்டையில் இல்லை.

அவ்வாண்டு ஜூலையில் எட்ஜ்பாஸ்டனில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் ஆடியது நூறாவது டெஸ்ட். உலகில் அவ்வெண்ணிக்கையை முதலில் எட்டியவர் அவரே. அதிலும் 104 ஓட்டங்கள் எடுத்தார். ஓட முடியாதபடி காலில் வலி இருந்ததால் அவருக்காக வேறொருவர் ஓடினார்.

ஆகஸ்டு மாதம் ஓவல் திடலில் நடந்த இறுதி டெஸ்டில் பசில் டொலிவெய்ரா 158 ஓட்டங்கள் குவித்தார். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் பிறந்த டொலிவெய்ரா வெள்ளையர் அல்லர் என்ற ஒரே காரணத்தால் பிறந்த நாட்டு அணியில் இடம் மறுக்கப்பட்டவர்; இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்து அந்நாட்டு அணியில் இடம்பிடித்தவர். அடுத்த சுற்றுப்பயணம் தென்னாப்பிரிக்காவுக்கு. நிறவெறி அரசு அவரை ஏற்காது என்பது அனைவருக்கும் தெரியும். அப்பயணத்திற்கு அவர் வருவதையே தாம் விரும்புவதாகக் கௌட்ரி தம்மிடம் தெரிவித்தார் என டொலிவெய்ரா பின்னாளில் எழுதினார். தேர்வுக்குழு கூடியது, அணித்தலைவரும் அதில் அமர்ந்திருந்தார். வெளிவந்த பட்டியலில் டொலிவெய்ராவின் பெயர் இல்லை.

நாடெங்கும் கொதிப்பு எழுந்தது. சில வாரங்களில் மற்றொரு வீரர் காயத்தால் விலக, டொலிவெய்ரா சேர்க்கப்பட்டார், தென்னாப்பிரிக்கப் பிரதமர் வோர்ஸ்டர் அந்த அணியை ஏற்க மறுத்தார், பயணம் கைவிடப்பட்டது. அடைத்த அறையில் யார் என்ன பேசினார்கள் என்பது இன்றும் விவாதத்திற்குரியது. கௌட்ரி கொடியவர் அல்லர்; டொலிவெய்ரா அவர்மேல் தனிப்பட்ட பகை கொண்டதும் இல்லை. ஆனால் உரக்கச் சொல்லவேண்டிய ஒரு சொல்லுக்காக ஒரு மனிதர் காத்திருந்தபோது, அனைவரோடும் இணங்கிப் போகும் இயல்பு போதுமானதாக இருக்கவில்லை. எவர் மனமும் நோகாமல் வாழ முயன்றவரின் வாழ்வில் மிகுதியாக நோகடித்த நிகழ்வு அதுவாயிற்று.

மறுஆண்டு மே மாதம் அவருடைய குதிகால் நரம்பு அறுந்தது. அவருக்குப் பதிலாகத் தலைமையேற்ற ரே இல்லிங்வொர்த் அப்பொறுப்பை விட்டுக்கொடுக்கும் நிலை பின்னர் வரவேயில்லை. 27 டெஸ்ட் போட்டிகளில் இங்கிலாந்துக்குத் தலைமை தாங்கிய கௌட்ரி எட்டில் வென்றார். தோற்றவை நான்கு மட்டுமே. மாவட்ட அளவில் அவருக்கு நிறைவான ஆண்டு 1970. ஜூலைத் தொடக்கத்தில் பட்டியலின் கடைசியில் கிடந்த கென்ட் அணியை அவ்வாண்டே வாகையராக்கினார். 1913க்குப் பின் கென்ட் பெற்ற முதல் வாகை அது.

மீண்டும் ஓர் அழைப்பு

1974 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லியும் ஜெஃப் தாம்சனும் இங்கிலாந்து மட்டையாளரின் கைகளை முறித்துக்கொண்டிருந்தனர். தலைக்கவசம் வழக்கத்திற்கு வராத காலம். நெருக்கடியில் அணி நாடியது, ஏறத்தாழ 42 வயதை எட்டிய கௌட்ரியை. டெஸ்ட் ஆடி மூன்றாண்டுகளுக்கு மேலாகியிருந்தது. குளிரில் உறைந்த இங்கிலாந்திலிருந்து வானூர்தியில் புறப்பட்டு வந்து, சில நாள் பயிற்சியோடு பெர்த் திடலில் களமிறங்கினார். தாம்சன் மணிக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர் வேகத்தில் வீசிக்கொண்டிருந்தார். அவரருகே சென்ற கௌட்ரி, விருந்தொன்றில் புதியவரைச் சந்திப்பதுபோலத் தம் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டார். பின்னர் நின்று ஆடினார், உடலெங்கும் அடிபட்டது. எடுத்தவை 22, 41 என்ற சிறு எண்ணிக்கைகளே. ஆனால் ஒதுங்கி ஓடாமல் பந்துக்குப் பின்னே உடலை நிறுத்தி ஆடிய அந்த முதியவருக்கு ஆஸ்திரேலிய மக்கள் எழுந்து நின்று கைதட்டினர். அத்தொடரோடு அவருடைய டெஸ்ட் வாழ்வு நிறைவுற்றது: 114 போட்டிகள், 7,624 ஓட்டங்கள். முதல்தரப் போட்டிகளில் சதங்கள் மட்டும் 107.

பின்னாளில் எம்.சி.சி. என்ற முதலெழுத்துகளைச் சுமந்தவரே அக்கிளப்பின் தலைவரானார். அதன்பின் 1989 முதல் 1993வரை பன்னாட்டுக் கிரிக்கெட் குழுவின் தலைமைப் பொறுப்பு. ஒவ்வொரு டெஸ்டையும் கண்காணிக்க நடுவர்களுக்கு மேலாக ஓர் ஆட்ட அதிகாரி, இரு அணிகளின் நாட்டையும் சாராத நடுவர் ஆகிய ஏற்பாடுகள் அக்காலத்தில்தான் தொடங்கின. நிறவெறி ஆட்சி தளர்ந்து தென்னாப்பிரிக்கா உலகக் கிரிக்கெட்டுக்குத் திரும்பியதும் அவர் தலைமையேற்றிருந்த 1991ஆம் ஆண்டில். திரும்பிய அணி முதலில் ஆடியது இந்தியாவில், கல்கத்தாவில். டொலிவெய்ரா விவகாரம் நடந்து 23 ஆண்டுகள் கழிந்திருந்தன.

1992இல் சர் பட்டமும் 1997இல் பிரபுக்கள் அவையில் இடமும் பெற்ற கௌட்ரி, 2000ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் மாரடைப்பால் காலமானார். விதியை மட்டுமன்றி ஆட்டத்தின் நெறியையும் காக்கவேண்டும் என்னும் முன்னுரை அவ்வாண்டு வெளிவந்த கிரிக்கெட் விதிநூலில் சேர்வதற்கு அவரும் டெட் டெக்ஸ்டரும் முயன்றனர். அவர் நினைவாக 2001ஆம் ஆண்டு எம்.சி.சி. சொற்பொழிவு வரிசை ஒன்றைத் தொடங்கியது. 2011ஆம் ஆண்டு அவ்வுரையை ஆற்றிய இலங்கை வீரர் குமார் சங்கக்கார, அப்போது தம் நாட்டு அணியில் ஆடிக்கொண்டிருந்தார். ஆயினும் அந்நாட்டுக் கிரிக்கெட் நிருவாகத்தின் சீர்கேடுகளை அந்த மேடையில் நின்று வெளிப்படையாக எடுத்துரைத்தார்.